மசூரின் சம்பளம்

சாய்ந்தமருதில் சுஹறாவின் வீட்டு முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சிவப்பு நிறம். நீலத் தறப்பாளால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வாங்கி இரண்டு வருடமாகியும், கடையிலிருந்து வீட்டுக்கு வந்த தூரத்தைத் தவிர அது வேறெங்கும் ஓடவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர், சுஹறாவும் அவளைப் பெற்ற சல்மா உம்மாவும். இருவருக்கும் மிதிக்கிற சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மௌத்தானவனுக்கு, செத்துப்போனவனுக்கு, மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த பெண்ணை உலகத்திலேயே தன் பக்கத்து வீட்டில்தான் பார்க்கலாம் என்று பாத்தும்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். பாத்தும்மாவுக்கு வாய் நீளம்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவள் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த மௌத்தானவன் மசூர், சுஹறாவின் கணவன். நிந்தவூர்க்காரன். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, பெரியம்மா வீட்டில் வளர்ந்தவன். 2001 இல் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்தான். ஹோட்டல்களுக்கும் புடவைக் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிற கம்பனி. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே ஆறு பேரும் ஆறு கம்ப்யூட்டரும். பயிலுநருக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய். அது அறை வாடகைக்கும் பாணுக்கும் பருப்புக்கும் போதும், வெள்ளிக்கிழமைப் புரியாணிக்குப் போதாது. ஒரு வருடம் முடியப் பன்னிரண்டாயிரம் ஆனது. இரண்டாவது வருடம் கடைசியில் இருபத்திரண்டைத் தொட்டபோது பெண் வீட்டார் தேடி வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு மாதம் ஒரு தரம் வந்து போகிற மாப்பிள்ளையைச் சல்மா உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மசூர் தன் கம்பனி முதலாளி சுதனிடம் போய், ஊரில் இருந்தே வேலை செய்கிறேன், டெலிபோன் லைன் இருக்கிறது என்று கெஞ்சினான். சுதன் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. சரி என்றுவிட்டு ஐயாயிரத்தைக் குறைத்தார். பதினேழாயிரத்தோடு மசூர் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தான். புது மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு ஐயாயிரம் போனது பெரிதாகத் தெரியவில்லை.

அவன் ஒரு கொப்பி வைத்திருந்தான். அதன் கடைசிப் பக்கத்தில் நீலப் பேனையால் ஏணி ஒன்று வரைந்து, படிக்கு ஒரு தொகை எழுதியிருந்தான். ஆறு, பன்னிரண்டு, இருபத்தைந்து, நாற்பது, அறுபது, உச்சியில் எண்பது. எல்லாம் ஆயிரங்களில். எண்பதுக்குப் பக்கத்தில் ‘குழுத் தலைவர்’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் நேரே அந்தப் படியில் ஏறினால் வாங்கவேண்டிய சாமானும் இருந்தது. இருபத்தைந்தில் குளிர்சாதனப் பெட்டி. நாற்பதில் மோட்டார் சைக்கிள், சிவப்பு. எண்பதில் மேல் மாடி. இதைக் காட்டிச் சுஹறாவை அவன் சிரிக்க வைப்பான். அவளும் சும்மா இருக்கவில்லை. உயர்தரம் வரை படித்தவள், பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு படங்களை வெட்டிக் கொடுப்பாள், எழுத்துப் பிழை பார்ப்பாள், சின்னச் சின்ன மாற்றங்களைத் தானே செய்வாள்.

2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. கரைவலை இழுக்கிறார்கள், கீரி மீன் வாங்கி வருகிறேன் என்று பன் புல்லில் பின்னிய பையை எடுத்துக்கொண்டு மசூர் கடற்கரைக்குப் போனான். வீடு பெரிய றோட்டுக்கு மேற்கே இருந்தபடியால் கடல் ஏறி வந்த தண்ணீர் முழங்கால் அளவோடு நின்றுவிட்டது. மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர் நனையவே இல்லை.

சுஹறா ஒன்பது நாள் தேடினாள். அம்பாறை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்களில் இருந்த முகாம்கள், பள்ளிவாசல் முற்றங்கள் என்று ஓரிடம் விடவில்லை. பையும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோனவர்களை மௌத்தானவர்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். புதைக்க ஒரு மையித்து இல்லாமலே, காணாத உடலுக்கான காயிப் ஜனாஸாத் தொழுகையைத் தொழுதார்கள். கணவனை இழந்த பெண்கள் இத்தா இருக்கத் தொடங்கினார்கள், நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள். சல்மா உம்மாவும் எங்கேயோ கடன் சொல்லி ஒரு வெள்ளைப் புடவை வாங்கிக்கொண்டு வந்தாள். மையித்தைக் காணாமல் தான் உடுக்கப்போவதில்லை என்றாள் சுஹறா. அவள் அழவும் இல்லை. அதுதான் உம்மாவுக்குப் பயமாக இருந்தது. புடவையை மடிப்புக் கலையாமல் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

ஜனவரி நடுவில் டெலிபோன் லைன் திரும்ப வந்தது. சுஹறா கம்ப்யூட்டரைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை பழகிய காரியம். மசூரின் மின்னஞ்சல் தபால் பெட்டியில் சுதனின் கடிதங்கள் மூன்று கிடந்தன. சுகமா என்று ஒன்று, சுகமா சுகமா என்று இன்னொன்று. மூன்றாவதில், சம்பளம் போட்டிருக்கிறது, அவசரமில்லை, ஆனால் கரையோர ஹோட்டல் ஒன்று இடிந்துவிட்டது, மூடியிருக்கிறது என்று அவர்களுடைய வெப்சைட் பக்கத்தில் ஓர் அறிவித்தல் போட முடியுமா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

அந்த வேலை சுஹறாவுக்குத் தெரியும். செய்தாள். ‘முடிந்தது’ என்று ஒரே சொல் எழுதி அனுப்பினாள். அடியில் மசூர் என்ற பெயரைக் கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொண்டது. அவன் அப்படித்தான் அமைத்து வைத்திருந்தான்.

கால்மணி நேரத்தில் பதில் வந்தது. முருகா, நீ உயிரோடு இருக்கிறாய், எனக்கு அது போதும் என்று சுதன் எழுதியிருந்தார்.

சுஹறா அந்த வரியைப் பலமுறை படித்தாள். மூன்று கிழமையாக எல்லாரும் அவளிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். மௌலவி சொன்னார், பெரியம்மா சொன்னாள், கிராம சேவகர் படிவத்தை நீட்டிக்கொண்டு சொன்னார். மசூர் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னவர் உலகத்தில் இந்த ஒரு மனிதர்தான். அவரை மறுத்து எழுத அவளுக்குக் கை வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று விட்டாள். அடுத்த நாள் ஒரு நகைக்கடை வேலை வந்தது.

அப்படித்தான் தொடங்கியது. திட்டம் போட்டுச் செய்த களவு இல்லை, ஆனாலும் களவுதான். அவள் தனக்குத்தானே அதை வேறு பெயரில் சொல்லிக்கொண்டதுமில்லை. வங்கி அட்டையின் இரகசிய எண் அவர்களுடைய கல்யாணத் தேதி. கல்முனையில் இருந்த இயந்திரத்தில் மாதம் ஒருதரம் போய் எடுப்பாள். மரணச் சான்றிதழ் எடுத்தால் கணக்கை மூடிவிடுவார்கள், அதனால் சான்றிதழ் எடுக்கவில்லை. சான்றிதழ் இல்லாததால் இறந்தவர் குடும்பங்களுக்குக் கொடுத்த உதவி ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இத்தா இருக்காதவள், காசுக்காகப் புருஷனைச் சாகவிடாமல் வைத்திருக்கிறாள் என்று பாத்தும்மா வேலிக்கு மேலால் சொன்னாள். முழுக்க உண்மை இல்லை, பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்லச் சுஹறாவாலும் முடியாது.

சுதன் பேசக் கூப்பிடுவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. மணி அடிக்கும், அவள் எடுக்கமாட்டாள். கடைசியில் ஒரு பொய் எழுதினாள். அலைக்குள் அகப்பட்டதில் இரண்டு காதும் அடைத்துவிட்டன, போனில் ஒன்றும் கேட்காது, எழுதினால் நல்லது என்றாள். சுதன் அதற்குப் பிறகு போனில் கூப்பிடவே இல்லை. எழுதும்போதுகூடப் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார், காது கேட்காதவனுக்கு அப்படி எழுதினால் விளங்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

முதல் ஆறு மாதம் சுஹறா பட்ட பாடு கொஞ்சமல்ல. மசூர் அரை நாளில் முடிக்கிற வேலை அவளுக்கு நாலு நாள் பிடித்தது. துக்கத்தில் இருக்கிறான், மெதுவாகச் செய்யட்டும் என்று சுதன் பொறுத்துக்கொண்டார். அவள் அவனுடைய புத்தகங்களையும் கொப்பியையும் வைத்துக்கொண்டு, பிழைவிட்டு, அழித்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் போகவில்லை, கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்பது போல ஒரு மரத்துப்போன நிலை. சோற்றைக் கொண்டுவந்து வைத்தால் தின்பாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள்.

அந்தக் கம்பனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஏப்ரல் மாதம் ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதவேண்டும். போன வருடம் நான் என்ன கற்றுக்கொண்டேன், இந்த வருடம் என்ன செய்வேன் என்று. அதைப் பார்த்துத்தான் சம்பளம் கூடும். 2006 இல் மசூருக்காகச் சுஹறா அந்தக் கடிதத்தை எழுதினாள். தான் கற்றதை எல்லாம் மசூர் கற்றதாக எழுதினாள். சாமான்களின் பட்டியலைத் தானாகவே எடுத்துக் காட்டும் கடைப்பக்கம் செய்யப் படித்துவிட்டேன் என்று எழுதினாள். மசூருக்கு இருபத்தைந்தாயிரம் ஆனது. அவள் கொப்பியைத் திறந்து படியைப் பார்த்தாள். அந்தக் கிழமையே குளிர்சாதனப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது.

வெளியே யுத்தம் திரும்பவும் மூண்டிருந்தது. சோதனைச் சாவடிகள், சுற்றிவளைப்பு, கொழும்பு போகிற பஸ்ஸில் இறக்கி ஏற்றுகிற தொந்தரவு. ஊர் முழுக்க அதைச் சபித்தது. சுஹறாவுக்கு மட்டும் அது வசதியாக இருந்தது. சுதன் கொழும்புக்கு வரச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம், பாதை சரியில்லை என்று எழுதிவிடலாம். அவர் தமிழர், பாதையைப் பற்றி அவருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

2007 ஏப்ரலில் மசூருக்கு நாற்பதாயிரம் ஆனது. சிரேஷ்டர் என்ற பட்டமும் சேர்ந்து வந்தது. சுஹறா கல்முனைக்குப் போய் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். கடைக்காரப் பையன் அதை ஓட்டிவந்து முற்றத்தில் விட்டுவிட்டுப் போனான். சல்மா உம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு ஏசினாள். இதில் யார் ஏறப் போகிறார்கள் என்று கேட்டாள். கொப்பியில் எழுதியிருக்கிறது என்றாள் சுஹறா. அடுத்த வருடம் மசூர் அறுபதில் ஏறினான். இனி ஒரு படிதான் மிச்சம். அந்த ஒரு படியையும் ஏற்றிவிட்டால் தன் வேலை முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். முடிந்த பிறகு என்ன என்று அவள் யோசிக்கவில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. றோட்டில் வெடி கொளுத்தினார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். சுஹறா ஒரு பல் வைத்தியருடைய பக்கத்துக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

பாதை திறந்தது. ஜூன் மாதம் சுதனின் கடிதம் வந்தது. யுத்தம் ஓய்ந்தால் திருக்கோவில் முருகனுக்கு வருவதாக அம்மா நேர்ந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன், திரும்பும்போது உன் வீட்டுக்கு வருகிறேன், உன்னைக் குழுத் தலைவராக்குகிற கடிதத்தை என் கையாலேயே தரவேண்டும், மாதம் எண்பதாயிரம் என்று எழுதியிருந்தார். வராதே என்று எழுத ஒரு காரணமும் மிஞ்சியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை அவள் ஒன்பது காரணம் எழுதிப் பார்த்து ஒன்பதையும் அழித்தாள்.

பகல் மூன்று மணிக்கு வான் வந்து நின்றது. உயரமான மனிதர், நெற்றியில் திருநீறு. களைத்துப்போன தாய் வானுக்குள்ளேயே படுத்துவிட்டாராம். முற்றத்தில் தறப்பாளுக்குள் இருந்து எட்டிப் பார்த்த சக்கரத்தைக் கண்டதும் சுதனுடைய முகம் மலர்ந்தது. மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தானே, அது நிற்கிறது, ஆள் வீட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். சுஹறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையைக் காட்டினாள். சல்மா உம்மா தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்குப் போனாள்.

சுதன் கடித உறையை மேசையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்றையும் வைத்துத் தானே திறந்தார். உள்ளே பஞ்சுக்குள் காதுக் கருவி ஒன்று இருந்தது. கம்பனியில் எல்லாரும் ஆறு மாதமாகக் காசு சேர்த்தார்களாம். சாப்பாட்டுக் கடைக்காரரும் கொடுத்தாராம். இதைப் போட்டால் மசூர் தன் மனைவி கதைப்பதைக் கேட்கலாம் என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

சுஹறா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். நாலரை வருடத்தில் எதுவும் அவளைத் தொட்டதில்லை, இது தொட்டது. வெட்கமா துக்கமா என்று தெரியவில்லை.

“அவர் மௌத்து, சேர்” என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். அடுப்படியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

சுதனின் கை பெட்டியின் மேலேயே இருந்தது. “எப்ப?”

“சுனாமில.”

அவர் பெட்டியை மூடினார். பிறகு, “அப்ப இவ்வளவு நாளும் எனக்கு எழுதினது ஆர்?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“ஏப்ரல் கடிதங்கள்?”

“அதுவும் நான்தான்.”

சுதனுக்குக் கோபம் வந்தது. வரத்தானே வேண்டும். செத்த மனிதனுக்குத் தான் மூன்றுமுறை சம்பளம் கூட்டியிருப்பதாகச் சொன்னார், பங்காளிகளுக்கு என்ன முகத்தோடு சொல்வது என்றார். ஒரு நாளாவது உண்மையை எழுதத் தோன்றவில்லையா என்று கேட்டார்.

சுஹறா நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். “எல்லாரும் அவர் மௌத்தெண்டு சொன்னாங்க. நீங்க ஒராள்தான் ஹயாத்தோட இரிக்கார் எண்டு சொன்னீங்க, சேர். எனக்கு அத இல்லெண்டு எழுத ஏலாமப் பெய்த்து.”

சுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய வெகு நேரம் எடுத்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். மசூர் இருந்திருந்தால்கூட அந்தக் கடைப்பக்கங்களை இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பானோ தெரியாது என்றும் சொன்னார். ஆனால் கடித உறையை எடுத்துத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதில் இருப்பது மசூரின் பெயர், அதை அவளிடம் கொடுக்க முடியாது.

பிறகு வியாபாரியாகவும் பேசினார். அவளுடைய சொந்தப் பெயரில் வேலைக்கு எடுக்கலாம், பங்காளிகளை எப்படியோ சமாளிக்கிறேன் என்றார். ஆனால் அவளிடம் சான்றிதழ் ஒன்றும் இல்லை, முன்பு எங்கும் வேலை செய்ததற்கு அத்தாட்சியும் இல்லை, கடதாசியில் அவள் புதிதாக வருகிற ஆள். புதிதாக வருகிறவருக்குப் பயிலுநர் சம்பளம்தான், இப்போது பதினைந்தாயிரம். அதைச் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பியின் கடைசிப் பக்கம் சுஹறாவின் நினைவுக்கு வந்தது. அந்த ஏணியில் மசூரை அவள் உச்சிக்குக் கீழே ஒரு படி வரை தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அவள் நின்ற இடம் மட்டும் நிலம்தான்.

“சரி சேர்” என்றாள்.

நாளைக்கே தொடங்கலாம், பல் வைத்தியர் அவசரப்படுகிறார் என்றார் சுதன்.

“நாளைக்கு ஏலா, சேர். எனக்கு நாலு மாசமும் பத்து நாளும் லீவு வேணும். அதுக்குப் பொறகு தொடங்குறன்.”

சுதனுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் தலையை ஆட்டினார். அடுப்படி வாசலில் நின்ற சல்மா உம்மாவுக்கு விளங்கியது. அவள் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போனாள். மார்க்கக் கிதாபின்படி இத்தாவின் காலம் எப்போதோ கழிந்துவிட்டது என்று பள்ளிவாசலில் சொல்லக்கூடும். அவள் யாரிடமும் கேட்கப் போகவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் இருந்து வெள்ளைப் புடவையை எடுத்தாள். நாலரை வருடத்தில் மடிப்புகள் மஞ்சளாகியிருந்தன.

வான் புறப்பட்டுப் போனது. காதுக் கருவியைச் சுதன் எடுத்துப் போக மறந்தாரோ, எடுக்க மனமில்லாமல் விட்டாரோ, அது மேசையிலேயே இருந்தது. சுஹறா புடவையை உடுத்திக்கொண்டு உள்ளறையில் பாயில் வந்து உட்கார்ந்தாள். உம்மா வாசலுக்குத் திரையைக் கட்டினாள்.

கட்டி முடிக்கிறதற்குள் சுஹறா அழத் தொடங்கினாள். கீரி மீன் வாங்கப் போனவனுக்காக அழுதாள். பாத்தும்மா வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் திரைக்கு வெளியே குந்திக்கொண்டாள். முன்னறையில் கம்ப்யூட்டரில் மசூரின் தபால் பெட்டி திறந்தபடியே கிடந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று சல்மா உம்மாவுக்குத் தெரியாது. மகளிடம் கேட்கவும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அதற்கு முன்னால் நின்றுவிட்டு, சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினாள்.